படிக்கிற டிரைவ் ஏன் எழுத மறுக்கிறது?

பாளையங்கோட்டையில் எங்கள் கடைக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு வக்கீல் ஆபீஸ் இருக்கிறது. அங்கே குமாஸ்தாவாக இருக்கும் அண்ணாச்சி ஒரு மதியம் லேப்டாப்பையும், கைக்கு அடக்கமான வெளி டிவிடி டிரைவையும், மஞ்சள் பை நிறைய டிஸ்க்கையும் கொண்டு வந்து மேஜையில் வைத்தார். "தம்பி, படிக்கத்தான் செய்யுது. எழுத மாட்டேக்கு. போட்ட டிஸ்க் எல்லாம் வீணாப் போச்சு" என்றார்.

எழுத வேண்டியது ஒரு சிசிடிவி பதிவு. வழக்கில் அது சான்று. நீதிமன்றத்துக்கு, எதிர்த்தரப்புக்கு, ஆபீஸ் கட்டுக்கு என்று தனித்தனி நகல் வேண்டும். பென் டிரைவில் கொடுத்தால் என்ன என்று பலருக்கும் தோன்றும். பென் டிரைவில் இருப்பதை யாரும் அழித்து மாற்றி எழுதலாம். ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிஸ்க்கில் எழுதி மூடிவிட்டால் அப்புறம் அதில் ஒன்றும் சேர்க்க முடியாது. அதனால்தான் வக்கீல் ஆபீஸ்களில் டிஸ்க்குக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. இப்போது வரும் லேப்டாப்புகளில் டிரைவ் கிடையாது என்பதால் யூஎஸ்பியில் சொருகும் மெல்லிய வெளி டிரைவைத்தான் எல்லோரும் நம்பி இருக்கிறார்கள். அந்த டிரைவ் எழுதும்போது கோளாறு செய்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். டிரைவ் படிக்கிறது என்பதால் அது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. படிக்கும்போது லேசர் மிகக் குறைந்த சக்தியில் டிஸ்க்கைத் தொட்டு, திரும்பி வரும் ஒளியைப் பார்க்கிறது, அவ்வளவுதான். எழுதும்போது அதே 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் பல மடங்கு சக்தியோடு டிஸ்க்குக்குள் இருக்கும் சாயத்தைச் சுட்டு மாற்ற வேண்டும். மோட்டாரும் வேகம் பிசகாமல் சுற்ற வேண்டும். இரண்டுக்குமான மின்சாரம் ஒரே யூஎஸ்பி கேபிள் வழியாகத்தான் வருகிறது. படிப்பதற்குப் போதுமான மின்சாரம் எழுதுவதற்குப் போதாமல் போவது சாதாரணமாக நடக்கும்.

அண்ணாச்சி வீணாய்ப் போன டிஸ்க்குகளையும் தூக்கிப் போடாமல் பையில் வைத்திருந்தது பெரிய உதவி. எழுதுவதில் கோளாறு என்று யார் வந்தாலும் நான் கேட்பது அந்த டிஸ்க்குகளைத்தான். திரையில் வரும் எரர் எண்ணைவிட அவை தெளிவாகப் பேசும்.

வளையத்தைப் பார்ப்பது

டிவிடியில் தகவல் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக எழுதப்படுகிறது. எழுதிய பகுதியின் நிறம் எழுதாத பகுதியிலிருந்து கொஞ்சம் மாறித் தெரியும். எழுதும் பக்கத்தை ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நடுத் துளையைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். அந்த வளையம் எங்கே முடிகிறதோ அங்கேதான் எழுத்து நின்றிருக்கிறது. மையத்திலிருந்து 24 மில்லிமீட்டரில் தகவல் தொடங்கி 58 மில்லிமீட்டரில் முடியும். வெளிச் சுற்றில் இடம் அதிகம் என்பதால் வளையம் 44 மில்லிமீட்டரைத் தொடும்போதுதான் பாதித் தகவல் ஏறியிருக்கும். ஒரு ஸ்கேல் இருந்தால் போதும், எந்த டிஸ்க் எத்தனை சதவீதத்தில் நின்றது என்று சொல்லிவிடலாம்.

அண்ணாச்சியின் பையில் இருந்தவற்றை மேஜையில் பரப்பிப் பிரித்தேன். சிலவற்றில் வளையமே இல்லை, புது டிஸ்க் போலவே இருந்தன. சிலவற்றில் வளையம் இருந்தது, ஆனால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அகலம். இன்னும் சிலவற்றில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றிருந்தது. கடைசியாக, முழுக்க எழுதப்பட்டு நல்ல டிஸ்க் போலத் தெரிந்தவையும் இருந்தன. "அது எழுதிச்சு, ஆனா கோர்ட்ல போட்டா ஒண்ணும் வரல" என்றார் அண்ணாச்சி.

ஆக, இங்கே இருந்தது ஒரு கோளாறு அல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு. ஒரே டிரைவில் நான்கு கோளாறு சேர்ந்து இருக்கும்போதுதான் ஆட்கள் சோர்ந்துபோய் டிரைவையே தூக்கி எறிகிறார்கள். ஒன்றைச் சரிசெய்தும் அடுத்தது தடுப்பதால், முதலில் செய்ததும் பலிக்கவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

கண்ட இடத்தில் நிற்பது: மின்சாரம்

ஒவ்வொரு டிஸ்க்கிலும் வேறு வேறு இடத்தில் நின்றிருந்தால் என் சந்தேகம் முதலில் கேபிள் மேலும் போர்ட் மேலும்தான் போகும். டிஸ்க்கில் குறை இருந்தாலோ எழுதும் முறையில் தவறு இருந்தாலோ அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கும். மின்சாரக் குறைவுக்கு ஒழுங்கே கிடையாது.

ஆபீஸில் எப்படி மாட்டியிருந்தீர்கள் என்று கேட்டேன். லேப்டாப்பின் ஒரு பக்கத்தில் நான்கு முனை ஹப், அதில் மவுஸ், கீபோர்டு, சார்ஜுக்கு ஒரு போன், மீதி ஒரு முனையில் டிவிடி டிரைவ். கணக்குப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர். உள்ளே நீல நிறம் தெரியும் யூஎஸ்பி 3.0 போர்ட் என்றால் 900. அண்ணாச்சி கொண்டு வந்த டிரைவின் அடியில் 5 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. அது எப்போதும் இழுக்கும் அளவு அல்ல, உச்சம். மோட்டார் சுற்றத் தொடங்கும் நொடியிலும், லேசர் முழுச் சக்திக்குப் போகும்போதும்தான் அந்த அளவுக்குப் பசி எடுக்கும். அந்த நேரத்தில் போனும் அதே ஹப்பிலிருந்து இழுத்தால் மின்னழுத்தம் சரிந்துவிடும்.

இதை ஊகத்தில் விட வேண்டியதில்லை. போர்ட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே சொருகும் சின்ன யூஎஸ்பி மீட்டர் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கிறது. அதை மாட்டி, ஆபீஸில் இருந்த மாதிரியே ஹப்பை இணைத்து, அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க் ஒன்றைப் போட்டு எழுத விட்டேன். சும்மா இருக்கும்போது 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்ற எண், எழுதத் தொடங்கியதும் இறங்கி 4.6க்கும் கீழே போய்ப் போய் வந்தது. உயர் மின்திறன் போர்ட் 4.75க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது யூஎஸ்பி 2.0 விதி. கொஞ்ச நேரத்தில் விண்டோஸ், சாதனம் கழன்றால் வரும் ஒலியை எழுப்பியது. உடனே சொருகினால் வரும் ஒலி. டிரைவ் ஒரு கணம் செத்துப் பிழைத்திருக்கிறது. எழுத்து அதோடு நின்றது. யாரும் கேபிளைத் தொடவில்லை.

உங்கள் டிரைவிலும் எழுத்து நடுவில் நின்றால் இந்த இரட்டை ஒலி கேட்கிறதா என்று காதைக் கொடுங்கள். மீட்டரே வேண்டாம். லினக்ஸ் வைத்திருப்பவர்கள், சிஸ்டம் பதிந்து வைக்கும் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் ரீசெட், டிஸ்கனெக்ட் என்ற வரிகள் அந்த நேரத்தோடு பதிவாகி இருக்கும்.

ஹப்பை ஓரம் கட்டிவிட்டு டிரைவை லேப்டாப்பின் யூஎஸ்பி 3.0 போர்ட்டில் நேரடியாகச் சொருகினேன். டிரைவோடு வந்த நீண்ட கேபிளுக்குப் பதில் குட்டையான, கொஞ்சம் தடித்த கேபிள். மின்னழுத்தம் நின்ற இடத்தில் நின்றது. மெல்லிய நீளக் கேபிளிலேயே கணிசமான அழுத்தம் தொலைந்துபோகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. லேப்டாப்பில் யூஎஸ்பி 2.0 மட்டும்தான் இருக்கிறது என்றால், சுவரில் சொருகும் தனி அடாப்டரோடு வரும் ஹப் வாங்குவதுதான் நல்லது. இரண்டு முனை உள்ள ஒய் கேபிளைச் சில டிரைவ்களோடு கொடுப்பார்கள். இரண்டாவது முனை மின்சாரத்துக்கு மட்டும். அது யூஎஸ்பி விதிகளுக்கு உட்பட்டது அல்ல என்றாலும் பழைய லேப்டாப்புகளில் கை கொடுக்கும். மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் முன்பக்கப் போர்ட்டை விட்டுவிட்டு மதர்போர்டோடு நேராக இருக்கும் பின்பக்கப் போர்ட்டில் சொருகுங்கள்.

இன்னொன்றும் பார்த்தேன். ஆபீஸ் மேஜையில் டிரைவை எங்கே வைப்பீர்கள் என்றால், கேஸ் கட்டுகளின் மேல் என்றார். 8 எக்ஸ் வேகத்தில், அதாவது டிவிடியின் அடிப்படை வேகத்தைப் போல எட்டு மடங்கில், வெளி விளிம்பை எழுதும்போது டிஸ்க் நிமிடத்துக்கு 4500 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. தடங்களுக்கு இடையே இருக்கும் தூரம் 0.74 மைக்ரோமீட்டர். சரிந்து ஆடும் காகிதக் கட்டின் மேல் வைத்து அந்த வேலையை வாங்கக் கூடாது. சமமான மேஜை, கையும் கேபிளும் இடிக்காத இடம், இது போதும்.

வளையமே இல்லாமல் நிற்பது: டிஸ்க்கும் லேசரும்

மின்சாரம் சரியான பிறகு, வளையம் இல்லாத டிஸ்க்குகள் எந்தக் கட்டிலிருந்து வந்தவை என்று விசாரித்தேன். எல்லாம் ஒரே ஐம்பது டிஸ்க் டப்பா. அதிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து, நேரடி போர்ட்டில் போட்டுப் பார்த்தேன். எழுதத் தொடங்கும் முன்பே பவர் கேலிபரேஷன் எரர் என்று வந்து நின்றது. இந்தச் செய்தியைப் பார்த்ததும் பலர் மின்சாரக் கோளாறு என்று நினைப்பார்கள். இது லேசரின் சக்தியைப் பற்றிய செய்தி.

ஒவ்வொரு முறை எழுதும் முன்பும் டிரைவ், டிஸ்க்கின் உள்விளிம்பில் அதற்கென ஒதுக்கிய சிறு பகுதியில் லேசரை வெவ்வேறு அளவில் அடித்து, திருப்பிப் படித்து, இந்த டிஸ்க்குக்கு எவ்வளவு சக்தி சரி என்று கண்டுபிடிக்கிறது. முதல் தோசை ஊற்றும் முன் கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது மாதிரி. எந்த அளவில் அடித்தாலும் தெளிவான தடம் விழவில்லை என்றால் டிரைவ் எழுதவே ஒப்புக்கொள்ளாது. அதற்கு மூன்று காரணம் இருக்கலாம். டிஸ்க்கின் சாயம் மோசமாக இருக்கலாம், லென்ஸ் அழுக்காக இருக்கலாம், லேசர் தேய்ந்திருக்கலாம். எது என்று பிரிக்க எளிய வழி, வேறு தயாரிப்பாளரின் டிஸ்க்கைப் போட்டுப் பார்ப்பது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அட்டையில் இருக்கும் பெயர் வேறு, டிஸ்க்கைச் செய்த ஆலை வேறு. பல பெயர்களில் விற்கும் டிஸ்க்குகள் ஒரே ஆலையிலிருந்து வருகின்றன. ஒரே பெயரில் வாங்கும் இரண்டு டப்பாக்கள் இரண்டு ஆலைகளிலிருந்தும் வரலாம். நம் ஊர்க் கடைகளில் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் மோசர் பேர் டிஸ்க்தான். அந்த இந்திய நிறுவனம் 2018இல் கலைப்புக்குப் போனது. வெர்பேட்டிம் வியாபாரத்தை மிட்சுபிஷி கெமிக்கலிடமிருந்து 2019இல் வாங்கியது தைவானின் சிஎம்சி மேக்னெடிக்ஸ். இப்படி ஆலைகள் கை மாறியும் மூடியும் போய்க்கொண்டிருப்பதால் அட்டையை நம்பி வாங்குவதில் பயன் குறைவு. டிஸ்க்குக்குள்ளேயே ஒரு அடையாளக் குறியீடு பதிந்திருக்கும். இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளில் காலி டிஸ்க்கைப் போட்டால் வலது பக்கத்தில் டிஸ்க் ஐடி என்று அதைக் காட்டும். 2013க்குப் பிறகு அந்த மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வரவில்லை, ஆனாலும் இன்றைய விண்டோஸில் குறையில்லாமல் ஓடுகிறது. டிஸ்க் எழுதுகிற வேலைக்கு விண்டோஸில் நான் வேறு எதையும் பரிந்துரைப்பதில்லை.

டிரைவின் உள் நிரலில், இந்தக் குறியீடு என்றால் லேசரை இப்படி அடி என்று ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாத டிஸ்க் வந்தால் பொதுவான ஒரு முறையில் முயன்று பார்க்கும். எனவே ஒரு டிரைவில் எழுத மறுக்கும் டிஸ்க் இன்னொரு டிரைவில் அழகாக எழுதும். இரண்டுமே குறையில்லாதவையாக இருக்கலாம், ஜோடிதான் சேரவில்லை.

என்னிடம் இருந்த வேறு குறியீடு கொண்ட டிவிடி-ஆர், அதாவது ஒருமுறை மட்டும் எழுதும் டிஸ்க், ஒன்றைப் போட்டேன். உடனே எழுதத் தொடங்கியது. ஆக லேசரில் உயிர் இருக்கிறது. டப்பாவைப் பற்றிக் கேட்டேன். ஜன்னல் ஓரத்து அலமாரியில், மேல் மூடி போன பிறகு, வெயில் படும் இடத்தில் நெடுநாளாக இருந்திருக்கிறது. எழுதக்கூடிய டிஸ்க்கின் சாயம் ஒளியாலும் வெப்பத்தாலும் மாறும் வகையைச் சேர்ந்தது, அதனால்தான் லேசரால் அதில் எழுதவே முடிகிறது. திருநெல்வேலி வெயிலில் வைத்தால் அது எழுதும் முன்பே மாறத் தொடங்கிவிடும். காலி டிஸ்க்குகளை அலமாரிக்குள், இருட்டில், மூடி வைத்த டப்பாவில் வையுங்கள். அந்தப் பழைய டப்பாவை வழக்கு வேலைக்குத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதில் ஒன்றிரண்டு எழுதினாலும்கூட அந்த எழுத்து எத்தனை நாள் நிற்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

டிஸ்க்தான் காரணம் என்று தெரிந்த பிறகும் லென்ஸைத் துடைத்துவிட்டேன். தட்டு வெளியே வரும் மெல்லிய டிரைவில் இது சுலபம். லேசர் பகுதி தட்டிலேயே இருப்பதால் திறந்ததும் சின்னக் கண்ணாடித் துளி மாதிரி லென்ஸ் தெரியும். முதலில் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதி. அதிலும் போகாத படலம் இருந்தால் காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் ஒரு துளி நனைத்து, அழுத்தாமல் ஒருமுறை சுற்றி எடுத்து, உலர விட வேண்டும். லென்ஸ் மயிரிழை போன்ற கம்பிகளில் தொங்குகிறது. வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும். தூரிகை ஒட்டிய கிளீனர் டிஸ்க்குகள் எனக்குப் பிடிக்காது. சுற்றும் வேகத்தில் அந்தத் தூரிகை லென்ஸை அடிக்கிறது.

ஒரே இடத்தில் நிற்பது: வேகம்

நல்ல டிஸ்க், நல்ல மின்சாரம். இப்போதும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் நின்ற அந்த வளையங்களுக்கு விடை இல்லை. இரண்டு சந்தேகம். மூலக் கோப்பில் ஓர் இடம் படிக்க முடியாமல் கெட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் அங்கே வந்ததும் நிற்கும். இல்லையென்றால் டிரைவ் அந்த இடத்தில் ஏதோ செய்கிறது. வேறு கோப்புகளை நிரப்பி ஆர்டபிள்யூ டிஸ்க்கில் எழுதிப் பார்த்தேன், தடங்கல் இல்லை. அதே கோப்புகளை டிவிடி-ஆர் டிஸ்க்கில் 8 எக்ஸில் எழுதினால் மறுபடி அதே பகுதியில் நின்றது. மூலக் கோப்பு தப்பித்தது.

மெல்லிய டிரைவ்கள் 8 எக்ஸ் என்று சொன்னாலும் முதலிலிருந்து கடைசி வரை அந்த வேகத்தில் எழுதுவதில்லை. உள்பக்கத்தில் மெதுவாகத் தொடங்கி, வெளியே போகப் போக வேகத்தைக் கூட்டும். சில டிரைவ்கள் படிப்படியாக, ஒவ்வொரு எல்லையிலும் ஒரு கணம் நிறுத்தி வேகம் மாற்றித் தொடரும். வேகம் கூடினால் சாயத்தைச் சுடக் கிடைக்கும் நேரம் குறையும், லேசர் அதிகச் சக்தியில் அடிக்க வேண்டும். அந்த மாற்றத்தைத் தாங்காத இடத்தில்தான் இது நின்றிருக்கிறது.

4 எக்ஸ் என்று வைத்தேன். முழு டிஸ்க்கும் தடங்கல் இல்லாமல் எழுதி முடித்தது. டிவிடியில் 1 எக்ஸ் என்றால் நொடிக்கு 1.385 எம்பி. 4 எக்ஸில் முழு டிஸ்க்குக்கு 14 நிமிடத்துக்கு மேல் ஆகும். நீதிமன்றத்துக்குப் போகும் டிஸ்க்குக்கு அந்த நேரம் கொடுக்கலாம். ஆனால் மெதுவாக எழுதினால் எப்போதும் நல்லது என்ற நம்பிக்கையை ஏற்க மாட்டேன். இன்று விற்கும் 16 எக்ஸ் டிஸ்க்குகளின் சாயம் வேகமான, வலுவான அடிக்கென்று செய்யப்பட்டது. மிகக் குறைந்த வேகத்தில் அதில் தடம் கெட்டுப்போகவும் கூடும். மெல்லிய டிரைவுக்கு 4 அல்லது 6 எக்ஸ் நல்ல இடைநிலை.

வேகத்தோடு சேர்ந்தது தகவல் வரத்து. அண்ணாச்சி ரெக்கார்டரிலிருந்து பதிவை எடுத்து வந்த பென் டிரைவிலிருந்தே நேராக எழுத முயன்றிருக்கிறார். அதுவும் அதே ஹப்பில், மவுஸைக் கழற்றிவிட்டு. 8 எக்ஸ் என்றால் நொடிக்கு 11 எம்பி இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். இப்போதைய டிரைவ்கள் தகவல் தாமதித்தால் நின்று, காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து ஒட்டி எழுதத் தெரிந்தவை. முன்பு போல அதனாலேயே டிஸ்க் பாழாவதில்லை. இருந்தாலும் ஒவ்வொரு ஒட்டும் ஒரு பலவீனம். எழுத வேண்டியதை முதலில் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்து, அங்கிருந்து எழுதுங்கள்.

இம்க்பர்னில் டெஸ்ட் மோட் என்று ஒன்று உண்டு. லேசர் சுடாமல் மற்றதெல்லாம் உண்மை போல நடக்கும். தகவல் வரத்து ஒழுங்காக இருக்கிறதா என்று அதில் தெரியும். லேசர், சாயம் பற்றி ஒன்றும் தெரியாது. ஒருமுறை எழுதும் டிஸ்க்கின் இன்னொரு வகையான டிவிடி பிளஸ் ஆரில் இந்தச் சோதனை வசதியே கிடையாது.

முழுக்க எழுதியும் திறக்காதது

என் பார்வையில் அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். இதில் டிரைவுக்கும் டிஸ்க்குக்கும் சம்பந்தமே இல்லை. விண்டோஸில் காலி டிஸ்க்கைப் போட்டால், இதை எப்படிப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்று ஒரு பெட்டி வரும். யூஎஸ்பி ஃப்ளாஷ் டிரைவ் போல, அல்லது சிடி டிவிடி பிளேயரோடு. மேலே இருப்பது ஃப்ளாஷ் டிரைவ் போல என்பது. அண்ணாச்சி ஒவ்வொரு முறையும் அதைத்தான் அழுத்தியிருக்கிறார். பெயரைப் பார்த்தால் யாருக்கும் அதுதான் சரி என்று தோன்றும்.

அதை அழுத்தினால் விண்டோஸ் டிஸ்க்கைத் திறந்த நிலையில் வைத்து, கோப்புகளைத் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போகும். எழுதிய கம்ப்யூட்டரில் எல்லாம் தெரியும். டிஸ்க்கை வெளியே எடுக்கும்போது அந்தப் பகுதியை மூடிவிட வேண்டும், அதற்குச் சில நிமிடம் ஆகும். பொறுமை இழந்து பொத்தானை அமுக்கி எடுத்தாலோ கேபிளைப் பிடுங்கினாலோ இன்னொரு கம்ப்யூட்டர் அதைக் காலி டிஸ்க் என்றே காட்டலாம். பழைய டிவிடி பிளேயர் தொடவே தொடாது. இப்படி வந்த டிஸ்க்குகளில் மூடாமல் விட்டவை சிலவற்றை எழுதிய அதே லேப்டாப்பில் போட்டு, டிஸ்க்கின் மேல் வலது கிளிக் செய்து, க்ளோஸ் செஷன் கொடுத்ததும் உயிர் பெற்றன. பை முழுக்கப் பாழ் என்று நினைத்ததில் அது கொஞ்சம் ஆறுதல்.

வழக்குக்கு எப்போதும் அந்தப் பெட்டியில் இருக்கும் இரண்டாவது வழி, சிடி டிவிடி பிளேயரோடு என்பதுதான். இம்க்பர்னில் என்றால் கோப்புகளைத் தேர்ந்து, கோப்பு முறையில் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) யூடிஎஃப் இருக்கும்படி வைத்து, முடிந்ததும் டிஸ்க்கை மூடச் சொல்ல வேண்டும். யூடிஎஃபை நான் வலியுறுத்தக் காரணம் கோப்பின் அளவு. ரெக்கார்டரின் மென்பொருள் முழுப் பதிவையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்திருந்தது, 4 ஜிபியைத் தாண்டியது. பழைய ஐஎஸ்ஓ 9660 முறையில் ஒரே துண்டாக 4 ஜிபியைத் தாண்டிய கோப்பை வைக்க முடியாது. சான்று என்பதால் அதை வெட்டவோ சுருக்கவோ கூடாது. இன்னொன்று, அட்டையில் 4.7 ஜிபி என்று இருக்கும், விண்டோஸ் கணக்கில் அது 4.38 ஜிபிதான். வெளி விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு எழுதினால் நல்லது. விரல் படுவதும் சாயம் சீராக இல்லாமல் போவதும் அங்கேதான்.

டிவிடி-ஆர் 1997இல் வந்தது, பிளஸ் ஆர் 2002இல். மிகப் பழைய பிளேயரில் ஓட வேண்டும் என்றால் டிவிடி-ஆர் வாங்குங்கள். கம்ப்யூட்டரில் மட்டும் பார்ப்பதற்கு எதுவானாலும் சரி. இரட்டை அடுக்கு டிஸ்க்கை மெல்லிய டிரைவில் எழுதுவதை முடிந்தவரை தவிர்க்கிறேன், நடுவில் அடுக்கு மாறும் இடம் இன்னொரு தலைவலி.

எழுதியது சரியா என்று பார்ப்பது

எழுதி முடிந்தது என்று திரை சொல்வதை நான் ஏற்பதில்லை. வெரிஃபை என்ற பெட்டியில் டிக் போட்டே எழுதுகிறேன். அதில் டிரைவ் டிஸ்க்கை வெளியே தள்ளி மறுபடி உள்ளே இழுத்து, ஒவ்வொரு பகுதியாக ஒப்பிடும். மெல்லிய டிரைவின் தட்டு தானாக உள்ளே போகாது, கையால் தள்ளிவிட வேண்டும். அதைக் கவனிக்காமல் பலர் வெரிஃபை பாதியில் நின்றுவிட்டதாக நினைக்கிறார்கள்.

வழக்கு டிஸ்க்குக்கு இன்னும் ஒரு படி உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் சட்டத்தின் பிரிவு 63இன் கீழ் கொடுக்கும் சான்றிதழ்ப் படிவத்தில் மின்னணுப் பதிவின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீட்டை, குறிக்க இடம் இருக்கிறது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். விண்டோஸின் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் என்ற கட்டளை கொடுத்தால் ஷா-256 மதிப்பு வரும். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் மூலக் கோப்புக்கு ஒருமுறை, எழுதிய டிஸ்க்கில் இருக்கும் கோப்புக்கு ஒருமுறை எடுத்தேன். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. டிஸ்க்கிலிருந்து எடுக்கும்போது அது எழுதிய டிரைவிலேயே எடுக்காமல் கடையில் இருக்கும் பழைய மேஜைக் கம்ப்யூட்டரின் டிரைவில் போட்டு எடுத்தேன். தான் எழுதியதைத் தானே படித்துவிடும் டிரைவ்கள் நிறைய உண்டு. வேறு டிரைவ் படித்தால்தான் அந்த டிஸ்க் வெளியே போகத் தகுதியானது.

மேலே வழக்கு எண் எழுத டிஸ்க்குக்கென்று விற்கும் மென்முனை மார்க்கரைத்தான் பயன்படுத்த வேண்டும். டிவிடியில் சாயம் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் சிடி அளவுக்கு ஆபத்து இல்லை. சிடியில் சாயமும் பிரதிபலிப்புப் படலமும் மேல் பக்கத்துக்கு மிக அருகில் இருக்கின்றன, பால்பாயிண்ட் பேனா அதைக் கீறிவிடும். காகித லேபிள் ஒட்டவே கூடாது. ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்து ஒட்டினாலும் சுற்றும்போது டிஸ்க் ஆடும்.

அண்ணாச்சி கிளம்பும் முன், டிரைவையே மாற்ற வேண்டிய நேரம் எப்படித் தெரியும் என்று கேட்டார். கடையில் விற்கும் சினிமாப் பட டிவிடிகளைப் படிக்கிறது, சிடி எழுதுகிறது, ஆனால் நேரடி போர்ட்டில் மாட்டியும், லென்ஸ் துடைத்தும், மூன்று வெவ்வேறு குறியீடு கொண்ட புதிய டிவிடிகளையும் எழுத மறுக்கிறது என்றால் அதன் சிவப்பு லேசர் தேய்ந்துவிட்டது. சிடிக்கு 780 நானோமீட்டரில் தனி லேசர் இருப்பதால்தான் அது மட்டும் வேலை செய்கிறது. அந்த நிலைக்கு வந்த மெல்லிய டிரைவில் லேசர் மாற்றி ஓட்டுவதில் அர்த்தமில்லை, புதிது வாங்கிவிடலாம். வாங்கும்போது அடியில் அச்சிட்ட ஆம்பியரைப் படித்துவிட்டு, அதற்குத் தக்க போர்ட் லேப்டாப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடாப்டர் ஹப்பையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.